வேரைக் காக்கும் பசளை: மரக்கறித் தோட்டத்தில் வேர்முடிச்சுப் பீடையைக் கட்டுப்படுத்தல்

ஊர் திரும்பிய குடும்பங்களுக்கான வீட்டுத்தோட்டப் பாடம்

இப்பாடத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை:

• வாடும் செடியின் வேரைப் பார்த்து, அது வட்டப்புழுவின் வேலையா என்று கண்டுபிடித்தல்
• வளவில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு நன்கு மக்கிய கூட்டெரு தயாரித்தல்
• நடுகைக்கு முன் எந்தப் பசளையை, எவ்வளவு, எப்போது இடுவது என்று தீர்மானித்தல்
• பசளையால் ஆகாதவை எவை என்று தெரிந்துகொள்ளல்

முதலில் ஒரு எச்சரிக்கை

நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த காணியில் மண்வெட்டியைப் போடுவதற்கு முன், அந்தக் காணி மிதிவெடி அகற்றப்பட்டு உறுதிசெய்யப்பட்டதா என்று உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். உறுதி கிடைக்கும்வரை பற்றை வெட்டவும் வேண்டாம், குழி தோண்டவும் வேண்டாம். தெரியாத உலோகப் பொருள் எதையும் தொடாமல், அந்த இடத்தைவிட்டு வந்த வழியே திரும்பி, அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். தோட்டம் ஒரு போகம் பிந்தலாம். அதைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

ஏன் இந்தப் பாடம்?

சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று கடலோரமாகப் போகும் நிலம் மணல் நிலம். கடற்றொழிலை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கும் வளவுக்குள் நாலு கத்தரியும் பத்து மிளகாயும் ஒரு பந்தல் பாகலும் இருந்தால், காற்றுக் கிளம்பி வள்ளம் இறக்க முடியாத நாட்களில் சட்டிக்கு ஒரு கறி இருக்கும். மீள்குடியேறும் குடும்பங்களுக்கு நாங்கள் விதைப்பொதியும் மண்வெட்டியும் நீர் வாளியும் தருவது இதற்காகத்தான்.

ஆனால் தோட்டங்களைப் பார்க்க வரும்போது நாங்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "இரண்டு நேரமும் தண்ணி ஊத்துறம். உச்சி வெயிலுக்குச் செத்தமாதிரி வாடுது. இரவில எழும்புது. காய் மட்டும் வைக்குதில்லை." செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். உரம் போதவில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். சிலர் கடையில் கடனுக்கு மருந்து வாங்கி இலைக்கு விசிறுகிறார்கள். இலையில் ஒன்றும் இல்லை. நோய் வேரில் இருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும. ஒரு போகத்தில் நாங்கள் வெளியே வாங்கிப் பகிர்ந்த கத்தரி நாற்றுகள் சிலவற்றின் வேரிலேயே சிறு முடிச்சுகள் இருந்தன. வேரைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்த நாற்றைப் பெற்றவர்களின் மண்ணுக்குள் பீடையும் சேர்ந்து போனது. இந்தப் பாடத்தை எழுதும் நான் கலைப் பட்டதாரி. வேளாண்மை படித்து வந்தவள் அல்ல. அந்த நாற்றுகளுக்குப் பிறகுதான் வேரைப் பார்க்கப் பழகினேன். நீங்கள் அவ்வளவு விலை கொடுத்துப் பழக வேண்டியதில்லை.

1. எதிரி யார்?

வேரில் முடிச்சுகளை உண்டாக்குவது வேர்முடிச்சு வட்டப்புழு. விஞ்ஞானிகள் இதனை மெலாய்டோகைன் என்று அழைக்கிறார்கள். மண்புழுவோடு இதனைக் குழப்ப வேண்டாம். மண்புழு உங்கள் நண்பன். வட்டப்புழுவோ அரை மில்லிமீற்றர் அளவுகூட இல்லாத, கண்ணுக்குத் தெரியாத நூல்போன்ற உயிர்.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு ஈரமண்ணில் நகர்ந்து வேரின் நுனிக்குள் நுழைகிறது. அங்கே ஓரிடத்தில் தங்கி, செடி தனக்காக ஏற்றும் சாரை உறிஞ்சுகிறது. அந்த இடத்தில் வேர் வீங்கி முடிச்சாகிறது. பெண்புழு பேரிக்காய் வடிவில் பருத்து, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பசைபோன்ற ஒரு பையில் இடுகிறது. எங்கள் பகுதி வெப்பத்தில் இந்தச் சுற்று முழுவதும் முடிய 3 முதல் 4 வாரங்கள் போதும். ஒரு கத்தரிச் செடி தோட்டத்தில் நிற்கும் காலத்துக்குள் பல தலைமுறைகள் வந்துவிடும். முதல் மாதம் தெரியாத நோய் மூன்றாம் மாதம் செடியைச் சாய்ப்பது இதனால்தான்.

மணல் மண்ணில் துணிக்கைகளுக்கிடையே இடைவெளி அதிகம். புழு இலகுவாக நகரும். அதே மணல் தண்ணீரையும் பிடித்து வைக்காது. ஆகவே வேர் பழுதான செடி இரட்டிப்பாகத் தவிக்கிறது. களிமண் வயலில் தாங்கக்கூடிய அளவு புழுவை எங்கள் மணலில் செடி தாங்காது.

இது புதிய நோயல்ல. 1855 இல் பேர்க்லி என்பவர் இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில் வளர்ந்த வெள்ளரியின் வேர்களில் இந்த முடிச்சுகளைக் கண்டு எழுதினார். 1901 இல் பாபர் என்பவர் தென்னிந்தியாவில் தேவாலாவின் தேயிலையில் கண்டு பதிவு செய்தார். உலகில் வெப்பமான நாடுகள் எல்லாவற்றிலும் இருக்கும் பீடை இது. உங்கள் மண்ணில் இருந்தால் அது உங்கள் குற்றமும் அல்ல, காணியின் சாபமும் அல்ல.

2. வேரைப் பாருங்கள்

சந்தேகமான செடி ஒன்றை இழுத்துப் பிடுங்க வேண்டாம். இழுத்தால் நுனிவேர் மண்ணுக்குள்ளேயே அறுந்துவிடும். மண்வெட்டியால் சுற்றிவரக் கிளறி, மண்ணோடு தூக்கி, ஒரு வாளி தண்ணீரில் மெல்ல அலசுங்கள்.

• வேர் முழுவதும் மணிமணியாக, அல்லது இஞ்சிக் கிழங்குபோல் தடித்து இருந்தால் அது வேர்முடிச்சு.
• பயற்றை, கச்சான் போன்றவற்றின் வேரில் இயல்பாகவே சிறு உருண்டைகள் இருக்கும். அவை மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும் நல்ல முடிச்சுகள். பெருவிரலால் தேய்த்தால் கழன்று வரும். வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வட்டப்புழுவின் முடிச்சு வேரின் உடம்பே வீங்கியது, எனவே கழன்று வராது.
• வேர் கடிக்கப்பட்டு, அருகில் ஆங்கில எழுத்து 'சீ' போல வளைந்த வெள்ளைப் புழு கிடந்தால் அது வண்டின் குடம்பி.
• தண்டின் அடியில் மண் பூசியதுபோல் இருந்து உள்ளே கோறையாகியிருந்தால் அது கறையான்.
• வேரில் முடிச்சில்லை, செடி பச்சையாகவே திடீரென்று வாடுகிறது என்றால், அடித்தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீர்க் குவளையில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். அது வேறு நோய். முடிச்சுள்ள வேரில் அது இன்னும் இலகுவாகத் தொற்றும்.

நடுவதற்கு முன்பே மண்ணைச் சோதிக்கவும் வழி உண்டு. வளவின் நாலைந்து இடங்களிலிருந்து, ஒரு சாண் ஆழத்து ஈரமண்ணை எடுத்துத் தனித்தனிப் பேணிகளில் நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளரி விதை போட்டு நிழல் குறைந்த இடத்தில் வைத்துத் தண்ணீர் விடுங்கள். 4 முதல் 5 வாரத்தில் பிடுங்கி அலசிப் பார்த்தால் எந்த மூலையில் புழு இருக்கிறது, எந்த மூலை சுத்தம் என்று தெரிந்துவிடும். ஐந்து பழைய பேணியும் பத்து விதையும்தான் செலவு. பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம்.

3. மக்கிய பசளை புழுவுக்கு என்ன செய்கிறது?

பசளை என்றால் செடிக்குச் சாப்பாடு என்று எல்லோருக்கும் தெரியும். அது பீடையையும் அடக்கும் என்பதற்கு நாலு காரணங்கள் உண்டு.

முதலாவது, தண்ணீர். மக்கிய எரு மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாதி வேர் பழுதானாலும் மீதி வேர் நீரெடுக்கும். புதிய வேர் விடச் செடிக்கு அவகாசம் கிடைக்கும்.

இரண்டாவது, புழுவின் எதிரிகள். மண்ணில் வட்டப்புழுவைக் கண்ணி வைத்துப் பிடித்து உண்ணும் பூஞ்சணங்கள் உண்டு. முட்டைகளைத் துளைத்து அழிக்கும் பூஞ்சணங்களும் உண்டு. வட்டப்புழுவையே தின்னும் வேறு வட்டப்புழுக்களும் சிற்றுயிர்களும் உண்டு. வெறும் மணலில் இவை குறைவு. இலையும் எருவும் மக்கும் இடத்தில் பெருகும். 1930களின் பிற்பகுதியில் ஹவாய்த் தீவுகளில் லின்போர்ட் என்பவரும் அவரது கூட்டாளிகளும் அன்னாசி இலைகளை நறுக்கி மண்ணில் புதைத்து ஆராய்ந்தார்கள். இலை மக்க மக்க, வேர்முடிச்சு வட்டப்புழு குறைந்தது. யாழ்ப்பாணத் தோட்டக்காரர்கள் பனையோலையை மண்ணில் தாழ்ப்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அது பசளைக்கும் ஈரத்துக்கும் செய்யப்படும் பழைய வழக்கம். மண்ணுக்குள் உயிர்களைப் பெருக்குவதில் இரண்டும் ஒரே வேலைதான்.

மூன்றாவது, மக்கும்போது வெளிவரும் பொருட்கள். கோழி எரு, புண்ணாக்கு, பச்சை இலை போன்ற நைதரசன் நிறைந்தவை மண்ணில் மக்கும்போது அமோனியாவும் சில அமிலங்களும் வெளிவருகின்றன. அவை புழுவுக்கு நஞ்சு. அதே அமோனியா இளம் நாற்றையும் கருக்கும். ஆகவே இட்டவுடன் நடக்கூடாது. வேம்பில் இதற்கு மேலாக, புழுவையும் பூச்சியையும் தடுக்கும் கசப்புப் பொருட்கள் இருக்கின்றன.

நாலாவது, நண்டு ஓடும் இறால் ஓடும். இது எங்கள் கரையூர்களுக்கே உரிய வசதி. இந்த ஓடுகளில் கைற்றின் என்ற பொருள் உண்டு. வட்டப்புழுவின் முட்டைத் தோலிலும் அதே கைற்றின் உண்டு. ஓட்டை மண்ணில் இட்டால் கைற்றினைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, முட்டைத் தோலையும் தாக்குகின்றன. கரையில் எறிந்துவிட்டு வருவது தோட்டத்துக்கு மருந்தாகலாம்.

4. கூட்டெரு தயாரித்தல்

வேண்டியவை: காய்ந்த இலை, வைக்கோல் அல்லது காய்ந்த புல், பச்சை இலை (கிளிசிறிடியா, வேம்பு, பூவரசு, களைச்செடி), மாட்டெரு அல்லது ஆட்டெரு, பழைய எரு அல்லது மேல்மண் கொஞ்சம், தண்ணீர்.

(1) நிழலான, மழைவெள்ளம் நிற்காத இடத்தில், கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் எட்டத்தில், ஒன்றரை மீற்றர் நீள அகலத்தில் நிலத்தைக் கொத்திவிடுங்கள். அடியில் தடித்த தடிகளைப் பரப்பினால் காற்றுப் புகும்.

(2) காய்ந்தது ஒரு சாண், அதன்மேல் பச்சை அரைச்சாண், அதன்மேல் எரு நாலு விரல், மேல்மண் ஒரு தூவல் என்று அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளியுங்கள். பிடித்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், வடியக் கூடாது.

(3) நண்டு, இறால் ஓடு இருந்தால் நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்து, இடித்து, நடு அடுக்குகளில் தூவுங்கள். மீன் கழிவைக் குவியலின் நடுவில் வைத்து மூடுங்கள். ஓரத்தில் வைத்தால் நாயும் இலையானும் வரும்.

(4) இடுப்பளவு உயரம் வந்ததும் கிடுகு அல்லது சாக்கால் மூடுங்கள். குவியல் இதைவிடச் சிறிதானால் சூடேறாது.

(5) ஒரு அலவாங்கை நடுவில் குத்தி வையுங்கள். மூன்றாம் நாலாம் நாளில் இழுத்துப் பார்த்தால், பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். உள்ளே 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை ஏறும் இந்தச் சூட்டில்தான் புழுவும் முட்டையும் களை விதையும் சாகின்றன. சூடு ஏறாவிட்டால் எருவோ தண்ணீரோ போதவில்லை.

(6) மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வெளியே இருந்தது உள்ளே போகும்படி புரட்டுங்கள். புரட்டாத குவியலின் ஓரத்தில் புழு சாகாது. புரட்டும்போது வெள்ளைக் குடம்பிகள் கண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அவற்றில் தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குடம்பியும் இருக்கலாம்.

(7) சுமார் 3 மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மழை நனைத்த மண்ணின் மணம் வந்தால் எரு தயார். இன்னும் சூடாகவோ, நாற்றமாகவோ, இலை இலையாகவோ இருந்தால் பொறுங்கள். மக்காத எரு கறையானையும் வண்டையும் வேருக்கு அழைத்து வரும்.

முடிச்சு விழுந்த வேரை ஒருநாளும் குவியலில் போட வேண்டாம். வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள்.

5. எதை, எவ்வளவு, எப்போது?

கணக்கு இலகுவாக இருக்க, 1 மீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் உள்ள ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். இது 5 சதுர மீற்றர்.

• நன்கு மக்கிய கூட்டெரு: சதுர மீற்றருக்கு 2 கிலோ. பாத்திக்கு 10 கிலோ. நடுவதற்கு 1 வாரம் முன் கலந்துவிடலாம்.
• வேப்பம் புண்ணாக்கு: சதுர மீற்றருக்கு 100 முதல் 200 கிராம். பாத்திக்கு அரைக் கிலோ முதல் 1 கிலோ. நடுவதற்கு 2 வாரம் முன். புண்ணாக்கு வாங்க வசதியில்லாவிட்டால், வேப்பம் பழக்காலத்தில் கொட்டை பொறுக்கி, நிழலில் காயவைத்து, இடித்துப் பயன்படுத்துங்கள்.
• கோழி எரு: சதுர மீற்றருக்கு 1 கிலோ. பாத்திக்கு 5 கிலோ. நடுவதற்குக் குறைந்தது 3 வாரம் முன். இடையில் மண்ணை ஈரமாக வைத்திருங்கள். நாற்று நட்ட பிறகு புதுக் கோழி எருவை அடியில் போட வேண்டாம்.
• பசுந்தாள்: சணல் விதைத்து, பூக்கத் தொடங்கும்போது வெட்டி நறுக்கி மண்ணோடு கொத்திவிடுங்கள். 2 முதல் 3 வாரம் கழித்து நடலாம். கிளிசிறிடியா இலையையும் இதுபோல் கொத்தலாம்.

வீட்டு வாளி ஒன்றில் எருவை நிரப்பிக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவை வாளியிலேயே கீறி வையுங்கள். பிறகு தராசு தேவையில்லை.

எல்லாவற்றையும் ஒரு சாண் ஆழத்துக்குக் கலக்க வேண்டும். மேலே தூவிவிட்டால் வேருக்குப் பயன் குறைவு. எரு கொஞ்சம்தான் இருந்தால் வளவெல்லாம் தூவ வேண்டாம். நாற்று நடும் குழிகளில் மட்டும் இரண்டு கைப்பிடி இட்டு மண்ணோடு கலவுங்கள். ஒரு பாத்தியை ஒழுங்காகச் செய்வது நாலு பாத்தியைக் குறையாகச் செய்வதிலும் மேல்.

6. நாற்றுமேடையில் தொடங்குங்கள்

சிறு நாற்றின் வேரில் புழு நுழைந்தால் அந்தச் செடி வாழ்நாள் முழுக்க நோயாளி. ஆகவே உங்களிடம் உள்ள எருவில் முதற்பங்கு நாற்றுமேடைக்கு.

மேடை போடும் இடத்தில் உமியும் வைக்கோலும் மாறிமாறி அடுக்கிக் காற்றுக்கு எதிர்த்திசையில் தீ வைத்தால், மெல்ல எரிந்து மேல்மண்ணைச் சூடாக்கிச் சுத்தமாக்கும். வைக்கோல் கிடைக்காவிட்டால், மண்ணை நன்கு நனைத்து, ஒளி புகும் பொலித்தீனால் ஓரம் இறுக்கி மூடி, கடும் வெயிலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். பிறகு மக்கிய எருவும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, 2 வாரம் கழித்து விதையுங்கள்.

நாற்றை வெளியே வாங்குவதானால், அது நாங்கள் தருவதாக இருந்தாலும், ஒன்றிரண்டைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். சிறு முடிச்சு ஒன்று கண்டாலும் வாங்க வேண்டாம். திருப்பிக் கொடுப்பதில் வெட்கம் இல்லை.

7. பசளையோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை

வெயிலுக்குப் புரட்டுதல். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்றும் வெயிலும் மண்ணைக் காயப்போடும். அந்த நேரம் பாத்தியை ஒரு முழ ஆழம்வரை கொத்திப் புரட்டி, 10 நாளைக்கு ஒருமுறை என்று இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். மேலே வந்த புழுவும் முட்டையும் காய்ந்து சாகும்.

வேரை அகற்றுதல். கடைசிக் காய் பிடுங்கியவுடன் செடியை வேரோடு எடுத்துவிடுங்கள். கத்தரியை அடியில் வெட்டி மறுபடி துளிர்க்கவிடும் வழக்கம் உண்டு. முடிச்சுள்ள தோட்டத்தில் அது புழுவுக்குச் சாப்பாடு போட்டு வளர்ப்பது.

பயிரை மாற்றுதல். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டி, பூசணி, பாகல், புடோல், பயற்றை எல்லாம் புழுவுக்குப் பிடித்தவை. கத்தரிக்குப் பின் வெண்டி போட்டால் உங்களுக்குத்தான் பயிர் மாறியது, புழுவுக்கு மாறவில்லை. கச்சான், எள்ளு போன்றவற்றில் இந்தப் புழு பெருகாது, அல்லது மிகக் குறைவாகவே பெருகும். ஒரு போகம் இவற்றைப் போட்டுப் பின் கத்தரிக்கு வாருங்கள்.

துலுக்கச் செவ்வந்தி. இதன் உயிருள்ள வேர் புழுவைக் கொல்லும் பொருளை வெளிவிடுகிறது. வேலியோரம் இரண்டு செடி நின்றால் போதாது. பழுதான பாத்தியில் நெருக்கமாக நட்டு இரண்டு மாதமாவது நிற்கவேண்டும். பூ வீணாகாது. சல்லி முத்துமாரியம்மன் கோவிலுக்கும் வீட்டுப் படத்துக்கும் மாலையாகும்.

மண்வெட்டியைக் கழுவுதல். புழு தானாக நகர்ந்தால் ஆண்டுக்கு ஒரு மீற்றர்கூடப் போவது அரிது. அதைத் தூரம் கொண்டுபோவது நாங்கள்தான். நாற்றில், மண்வெட்டியில், காலில் ஒட்டிய சேற்றில், பாத்திக்குப் பாத்தி ஓடும் நீரில் அது போகிறது. இரவல் வாங்கிய மண்வெட்டியைக் கழுவிப் பாவித்து, கழுவிக் கொடுங்கள். பழுதான பாத்தியில் கடைசியாக வேலை செய்யுங்கள்.

8. செடி ஏற்கெனவே வாடுகிறது, என்ன செய்வது?

உள்ளே நுழைந்த புழுவை வெளியேற்றும் பசளை எதுவும் இல்லை. ஆனால் காய்க்கும் செடியைக் கொஞ்சக் காலம் தாங்கிப் பிடிக்கலாம். அடியில் மக்கிய எரு போட்டு மண் அணையுங்கள். தக்காளி அணைத்த இடத்தில் புதுவேர் விடும். வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பி ஈரத்தைக் காப்பாற்றுங்கள். ஒரேயடியாக நிறையத் தண்ணீர் விடாமல் காலையும் மாலையும் கொஞ்சமாக விடுங்கள். கிடைப்பதைப் பறித்துக்கொண்டு, பிறகு வேரோடு எடுத்து எரியுங்கள்.

வேர்ப் புழுவுக்கென்று விற்ற நஞ்சுகள் சில உலகின் பல நாடுகளில் தடைசெய்யப்பட்டவை. செய்தவரின் உடம்பையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததால்தான் தடை வந்தது. எங்கள் மணலில் ஊற்றுவது வடிந்து போய்ச் சேரும் இடம் உங்கள் கிணறு. பெயர்ச்சீட்டு இல்லாத பொதியில், அல்லது சோடாப் போத்தலில் ஊற்றி யாராவது மருந்து தந்தால் வாங்க வேண்டாம்.

9. உண்மையான எதிர்பார்ப்பு

கூட்டெரு போட்ட முதற்போகத்திலேயே முடிச்சு முற்றாக மறையாது. மண்ணில் புழு மீதி இருக்கும். ஆனால் வேரில் முடிச்சு குறையும், செடி நின்று காய்க்கும் நாள் கூடும். இரண்டாம் மூன்றாம் போகத்தில் மண்ணின் நிறம் மாறுவதை நீங்களே காண்பீர்கள். மணலில் எரு வேகமாக மக்கிப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு போகமும் இட வேண்டும்.

2004 டிசெம்பர் 26 கடல்கோளுக்குப் பின் கரையோரக் காணிகள் உப்பேறி இனி ஒன்றும் முளைக்காது என்று பலர் சொன்னார்கள். மணல் மண்ணானதால் மாரி மழை அந்த உப்பைக் கழுவி இறக்கியது. ஈரத்தைப் பிடிக்காதது மணலின் குறை. கெட்டதையும் பிடித்து வைக்காதது அதன் குணம். எரு சேர்ந்தால் அந்தக் குறை குறையும்.

1990 இலும் அதற்குப் பின்னும் ஊரைவிட்டுப் போனவர்கள், தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து வந்தவர்கள், வேறு ஊர்களில் பல ஆண்டு இருந்தவர்கள் என்று பலர் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளில் சிலர் இந்த மண்ணில் ஒரு விதைகூட ஊன்றியதில்லை. விதைப்பொதி ஒரு தடவைதான் தரப்படும். அந்த விதை முளைத்துக் காய்த்து அடுத்த போகத்துக்கு விதையாவது வேரைப் பொறுத்தது. ஆகவே விதைப்பதற்கு முன் எருக் குவியலைத் தொடங்குங்கள்.

ஆண்டுத் திட்டம்

• ஆனி, ஆடி: மண்சோதனைப் பேணிகள். வெயிலுக்கு மண் புரட்டல். எருக் குவியல் தொடங்கல். வேப்பங்கொட்டை சேர்த்தல்.
• ஆவணி: குவியல் புரட்டல். நாற்றுமேடையை எரித்தல் அல்லது பொலித்தீனால் மூடல்.
• புரட்டாதி: நாற்றுமேடைக்கு எரு, விதைப்பு. பாத்திக்குக் கோழி எரு, வேப்பம் புண்ணாக்கு.
• ஐப்பசி: கூட்டெரு கலந்து, மழைநீர் வடியும்படி பாத்தியை உயர்த்தி நடுதல்.
• அறுவடை முடிந்ததும்: வேரோடு அகற்றி எரித்தல். கச்சான், எள்ளு அல்லது செவ்வந்திக்கு மாற்றல்.

உங்கள் மாதர் சங்கத்தில் அல்லது அயலில் பேசுவதற்கு

1. உங்கள் வளவில் கடந்த போகம் வாடிய செடியின் வேரை யாராவது பார்த்தீர்களா? எப்படி இருந்தது?
2. ஒரு கிழமையில் உங்கள் கரையில் எறியப்படும் நண்டு, இறால் ஓடு எவ்வளவு? நாலு வீடு சேர்ந்து ஒரு குவியல் போட முடியுமா?
3. மாடு இல்லாத வீடு எருவுக்கு யாரிடம் போகலாம்? பதிலுக்கு என்ன கொடுக்கலாம்?
4. ஆண்கள் கடலுக்குப் போகும் வீடுகளில் குவியல் புரட்டும் வேலையை யார் செய்வது? முறை வைத்துச் செய்யலாமா?

மேலும் உதவிக்கு, முடிச்சுள்ள வேரை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் அழைத்து ஆலோசனை கேட்கலாம். "செடி வாடுது" என்று மட்டும் சொல்லாமல், வேரில் கண்டதைச் சொல்லுங்கள். சரியான பதில் விரைவாகக் கிடைக்கும்.